முன்கதவைத் திறக்காத ஆர்லிஸ்

ஆர்லிஸ் ஹாக்லிட் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. வருஷக்கணக்காகச் சுமக்கிற கோபம். ஒரு குளிர்காலத்தில் பாதிக்கு மேல், அவர் செத்துப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டே அவர் வீட்டுக் கதவை என்னைத் திறக்க வைத்தார். தட்டிப் பார்த்து, பதில் இல்லாமல் சாவியை நுழைப்பேன். அது பழகவே பழகாது. உள்ளே போனால் ஆள் இருக்க மாட்டார். படுக்கை சுருக்கமில்லாமல் விரித்திருக்கும். காபிக் கோப்பை கழுவிக் கவிழ்த்திருக்கும்.

எங்கள் எல்ம் கோர்ட், அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், ஊர் முடிந்து சோளக்காடு தொடங்குகிற இடத்தில் உள்ள முதியோர் குடியிருப்பு. எனக்கு அங்கே குழாய் வேலை, கொதிகலன் வேலை, பனி தள்ளுகிற வேலை. சேரும்போது அவ்வளவுதான் சொன்னார்கள். தகட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தாழ்வாரத்தில் ஒவ்வொரு வீட்டு முன்கதவிலும் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் தகடு இருக்கும். இரவுக் காவல்காரர் அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவார். காலையில் உள்ளே இருப்பவர் கதவைத் திறந்தால் தகடு தானாக விழும். பத்து மணிக்கும் அது நிமிர்ந்தே நின்றால் லைலைக் கூப்பிடு என்பார்கள். லைல் நான்தான்.

ஆர்லிஸ் வந்தது நவம்பரில். எண்பதைத் தாண்டிய கிழவி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் இறந்த பிறகு பண்ணையில் தனியாகவே இருந்தார். மாடுகளை விற்ற பிறகும் வீட்டை விடவில்லை. அண்ணன் மகன் கர்ட்தான் ஃபார்கோவிலிருந்து வந்து, மல்லுக்கட்டி, இங்கே கொண்டுவந்து விட்டான். ஒரு மர நாற்காலி, ஒரு ரேடியோ, மூன்று ஜோடி பூட்ஸ். சாமான் அவ்வளவுதான்.

மறுநாள் காலையே அவர் கதவுத் தகடு நிமிர்ந்து நின்றது. தட்டினேன். பதில் இல்லை. திறந்தேன். குளியலறையில் இல்லை. கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன், எதற்கென்று கேட்காதீர்கள். பின்பக்கக் கண்ணாடிக் கதவு பூட்டாமல் இருந்தது. எட்டிப் பார்த்தால், கொட்டுகிற பனியில், வேலி ஓரமாகப் பக்கத்துப் பண்ணை மாடுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னப்பா இப்படி விழுந்தடிச்சு ஓடி வர்றே? யாரு செத்தது?"

"நீங்கதான்."

அவர் தன் கையுறையைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார். "அப்போ செத்துட்டா முட்டிவலி போயிடும்னாங்களே, அது பொய்யா?"

"முன்கதவைத் தொறந்திருந்தா தகடு விழுந்திருக்கும். நானும் ஓடி வந்திருக்க மாட்டேன்."

"முன்கதவா? அதை எதுக்குத் தொறக்கணும்? பாதிரியார் வர்றாரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பண்ணை வீடுகளில் முன்கதவை யாரும் தொடுவதில்லை. அது பாதிரியாருக்கும் இன்ஷூரன்ஸ் விற்க வருகிறவனுக்கும். என் அம்மா வீட்டில் முன்கதவை அடைத்துக்கொண்டு இறைச்சி வைக்கிற குளிர்பெட்டி நின்றது. போக்குவரத்தெல்லாம் பின்பக்கம்தான். இதெல்லாம் தெரிந்தும், ஆர்லிஸ் வேண்டுமென்றே என்னை அலைக்கழிக்கிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேலாளர் கெண்ட்ரா அவரை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். ஆர்லிஸ் தலையாட்டினார். மறுநாள் தகடு நின்றது. கெண்ட்ரா பின்கதவுக் கண்ணாடியில் பெரிய எழுத்தில் "முன்கதவு" என்று எழுதி ஒட்டினாள். ஆர்லிஸ் அதைப் படித்துவிட்டு, அந்தக் கதவையே திறந்து வெளியே போனார்.

"வேணும்னு பண்ணல லைல். மனசுக்கு ஞாபகம் இருக்கு. காலு கேக்க மாட்டேங்குது. அறுபது வருஷமா ஒரே கதவுல போன காலு."

கெண்ட்ராவைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அவள் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் இறந்து இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தார். அதிலிருந்து பத்து மணி என்றால் அவளுக்குப் பத்து மணிதான். சொன்னது தலையில் நிற்காத கிழவி, பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி குளிரில் தினமும் வெளியே திரிகிறார் என்றால் அவள் என்ன நினைப்பாள்? நர்ஸை வரவழைத்தாள். நர்ஸ் கேட்டதில் முக்கால்வாசிக்கு ஆர்லிஸ் சரியாகச் சொன்னார். கிழமையில் மாட்டிக்கொண்டார்.

"இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பார்ப்போம்?"

"ஞாயிறு இல்ல. கோயில் மணி கேக்கல. மத்த கிழமையெல்லாம் இங்க ஒண்ணுதானேம்மா?"

அதற்குப் பிறகுதான் தெற்குக் கட்டடத்தின் பேச்சு வந்தது. மறதிக்காரர்கள் இருக்கிற இடம் அது. சுத்தமாக இருக்கும், சாப்பாடு நன்றாக இருக்கும். ஆனால் கதவுக்கு எண் பூட்டு. ஜன்னல் நாலு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. அங்கே போனவர் யாரும் திரும்பி ஆர்லிஸ் இருக்கிற வடக்கு வரிசைக்கு வந்ததில்லை. பிப்ரவரியில் கர்ட் வந்து கையெழுத்துப் போடுவது என்று முடிவானது.

ஆர்லிஸிடம் நேராகவே சொன்னேன். "இங்க பாருங்க. நான் காலைல பனி தள்ள வர்றப்போ தாழ்வாரம் வழியாத்தான் வர்றேன். உங்க தகட்டை ஒரு விரலால தட்டி விட்டுடறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

அவர் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைக் கீழே வைத்தார்.

"வேணாம்."

"ஏன்? தெற்குக் கட்டடத்துக்குப் போக ஆசையா?"

"பண்ணைல இருந்தப்போ மாட்டுக் கொட்டில்ல பனிக்கட்டி வழுக்கி விழுந்தேன். இடுப்பு போச்சு. சாயங்காலம் விழுந்தேன். தீவன லாரிக்காரன் மறுநாள் மத்தியானம்தான் வந்தான். பூனைங்க வந்து மேல படுத்துச்சு, அதனால பொழச்சேன். அன்னைக்கு நெனச்சேன், பத்து மணிக்கு என்னைத் தேடி வர்றதுக்கு ஒரு ஆள் இருந்தா நல்லாருக்கும்னு." அவர் என்னைப் பார்க்கவில்லை. "இப்போ ஒருத்தன் வர்றான். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வர்றான், ஆனா வர்றான். அதைப் பொய்யாக்கிடாதே."

குழாய் ஒழுகுகிறதா என்று கேட்டேன். ஒழுகவில்லை என்றார். இருந்தாலும் போய்ப் பார்த்தேன்.

தகட்டைப் பின்கதவுக்கு மாற்றலாமே என்று கெண்ட்ராவிடம் கேட்டுப் பார்த்தேன். காவல்காரர் ராத்திரியில் பனிக்குள்ளே நடக்க மாட்டார், ஒருவருக்கு மாற்றினால் எல்லோரும் கேட்பார்கள் என்றாள். அதுவும் நியாயம்தான்.

அவருக்கு அங்கே பேச ஆளில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நின்ற வாக்கில் தின்பவர் மாதிரி மளமளவென்று தின்றுவிட்டு எழுந்துவிடுவார். ஜனவரியில் ஒருநாள் என்னிடம் சொன்னார்:

"வந்து இத்தனை நாளாச்சு. ஒரு ஆளு காபிக்குன்னு எட்டிப் பார்க்கல."

"நீங்க போய்க் கதவைத் தட்டுங்களேன்."

"அந்தத் தாழ்வாரத்துல போயா? நல்ல கவுனு போட்டு, தலைய வாரி, கேக்கு சுட்டு எடுத்துக்கிட்டு, பொண்ணு பார்க்கப் போற மாதிரி? அண்டை வீட்டுக்கு எவளாவது அப்படிப் போவாளா?"

"அப்போ எப்படிப் போவீங்க?"

மறுநாள் காலை வரவேற்பு மேசைக்கு வெர்லினின் போன் வந்தது. அடுத்த வீட்டுக்காரர், தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். என் பின்பக்கக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எவளோ நிற்கிறாள், கையில் கோப்பை இருக்கிறது, போலீஸைக் கூப்பிடவா என்று கேட்டாராம். நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது இருவரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். பூட்ஸ் கதவோரம் கழற்றிக் கிடந்தது.

"காபியாய்யா இது?" என்று ஆர்லிஸ் கேட்டுக்கொண்டிருந்தார். "மாடு தாண்டிப் போன தண்ணி மாதிரி இருக்கு."

"என் பொண்டாட்டி போனதுல இருந்து இதைத்தான் குடிக்கிறேன். யாரும் கொறை சொன்னதில்ல."

"சொல்றதுக்கு யாரு வந்தா?"

வெர்லின் சிரித்தார். அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதோடு அதை மறந்துவிட்டேன். எனக்குக் கொதிகலன் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. ஆர்லிஸின் தகடு வழக்கம்போல் நின்றது, நான் வழக்கம்போல் வேலி ஓரத்தில் அவரைத் தேடிப்பிடித்துத் திட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரியில் கர்ட் வந்தான். கையெழுத்துக்கு முன்னால் அத்தையைப் பார்க்க வேண்டும் என்றான். கெண்ட்ரா, அவன், நான் மூவரும் வடக்குத் தாழ்வாரத்தில் போனோம். பத்து மணி தாண்டியிருந்தது. ஆர்லிஸின் தகடு நின்றது. கெண்ட்ரா அதைக் கையால் காட்டினாள். கர்ட் தலை குனிந்தான்.

அப்புறம் அவள் கண் அடுத்த கதவுக்குப் போனது. வெர்லினின் தகடும் நின்றது. அதற்கடுத்த கதவிலும் நின்றது. எதிர்ப்பக்கக் கதவுகளில் மட்டும் விழுந்திருந்தது. வடக்கு வரிசை முழுக்க, கடைசி வரைக்கும், சிப்பாய்கள் மாதிரி நிமிர்ந்து நின்றன தகடுகள்.

"லைல்," என்றாள் கெண்ட்ரா. "கொதிகலன்."

எனக்கும் அதுதான் தோன்றியது. முந்தின நாள்தான் புகைக்குழாயைக் கழற்றி மாட்டியிருந்தேன். கசிந்தால் வாசனையே இல்லாத விஷவாயு, தூக்கத்திலேயே ஒரு வரிசையையே கொண்டுபோய்விடும். வெர்லின் வீட்டைத் திறந்தேன். ஆள் இல்லை. அடுத்தது, ஆள் இல்லை. அதற்கடுத்ததும் காலி. நான்காவது வீட்டில்தான் பின்கதவுப் பக்கம் பார்த்தேன். வெளியே பனியில் ஒரு தடம். ஒருவர் தடமில்லை, பல பேர் நடந்து நடந்து கெட்டிப்பட்ட ஒற்றையடிப் பாதை, ஒவ்வொரு பின்கதவையும் தொட்டுக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனது.

கெண்ட்ரா வீட்டுக்குள் போடுகிற செருப்போடு பனியில் இறங்கினாள். முழங்கால் வரை புதைந்தது. கடைசி வீட்டுக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. கதவடியில் பூட்ஸ் குவியல். உள்ளே மேசையைச் சுற்றி வடக்கு வரிசை மொத்தமும் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தது. ஆர்லிஸ் நின்றபடி காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பனியை உதறிட்டு உள்ள வா," என்றார் திரும்பாமலே. அப்புறம் திரும்பினார். "அடடே, கர்ட்டு! என்ன எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

கெண்ட்ரா தரையில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். வெர்லின் தன் கம்பளிக் காலுறையைக் கழற்றி அவள் காலில் மாட்டிவிட்டார். யாருக்கும் எதற்கென்று புரியவில்லை, நான்தான் தகட்டைச் சொன்னேன். மற்ற நாட்களில் பத்துக்குள் வீடு திரும்பி முன்கதவைத் திறந்துவிடுவார்களாம், அன்று ஆட்டம் நீண்டுவிட்டது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாங்கள் எல்லோருமே பின்கதவுக்காரர்கள் ஆகிவிட்டது அவர்களுக்கே அப்போதுதான் உறைத்தது.

ஆர்லிஸ் கெண்ட்ரா பக்கத்தில் மெதுவாகக் குனிந்து கோப்பையைக் கையில் கொடுத்தார். "பயந்துட்டியாம்மா? குடி. இனிமே இப்படிப் பண்ண மாட்டோம்."

"மாட்டேன்னு தினமும்தான் சொல்றீங்க," என்றாள் கெண்ட்ரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

கர்ட்தான் கேட்டான். "அத்தை, இன்னைக்கு என்ன கிழமை?"

"ஏன், உனக்கும் தெரியலையா? செவ்வாய் என் வீடு, புதன் வெர்லின் வீடு, வியாழன் இங்க. வியாழக்கிழமை." அவர் அவனை உற்றுப் பார்த்தார். எதற்கு வந்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். "கிழமை தெரியணும்னா போறதுக்கு ஒரு எடம் வேணும்ப்பா. சக்கரை எத்தனை போடட்டும்?"

அவன் கையெழுத்துப் போடவில்லை. அந்த வாரமே வடக்கு வரிசைத் தகடுகளைப் பின்கதவுக்கு மாற்றச் சொன்னாள் கெண்ட்ரா. காவல்காரர் முடியாதென்று சொல்லிவிட்டதால், சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் பனியில் நடந்து ஒவ்வொன்றாக நிமிர்த்துவது என் தலையில் விழுந்தது. இன்றும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு நாலு குளிர்காலம் அவர் அங்கே இருந்தார். கடைசி ஜனவரியில் நெஞ்சு பலவீனமாகிப் படுக்கையில் விழுந்தார். காபிக்கு எல்லோரும் அவர் வீட்டுக்கே வந்தார்கள், தினமும். நானும் ஜன்னல் இடுக்கை அடைக்கிறேன் என்று போனேன்.

"லைல், கோடி வீட்டுல புதுசா ஒரு அம்மா வந்திருக்காங்களே."

"டெலோரிஸ். மினியாபோலிஸ்காரங்க. பேங்க்ல இருந்தவங்க. பின்கதவு பக்கமே வரமாட்டாங்க. முன்னாடிதான். அவங்க தகட்டையும் முன்கதவுலயே மாட்டிட்டோம்."

"அவங்க பின்கதவை மூடிப் பனி குவிஞ்சு கெடக்காமே. வெர்லின் சொன்னான். போய் வாரி எடுத்துடு."

"அந்தம்மா அந்தப் பக்கம் வெளிய வரவே மாட்டாங்க ஆர்லிஸ்."

"வெளிய வர்றதுக்கா சொன்னேன்?" மூச்சு வாங்கியது. நின்று, மறுபடி சொன்னார். "நம்மாளுங்க காபிக்கு உள்ள போகணும்ல. இருட்டுறதுக்குள்ள வாரிடுப்பா."