இஸ்திரிப் பெட்டிக்கும் வைஃபைக்கும் என்ன பகை?

படிக்கட்டில் உட்கார்ந்து அவள் எவனோடு குசுகுசுத்தாள் என்று கேட்கிறவர்கள், மாடியில் யார் தூங்கினார் என்றும் கேட்டிருக்கலாம். மாடிக்காரம்மாவின் கணவருக்கு இரவுக் காவல் வேலை. காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் கண் விழிப்பார். அந்த மனுஷன் தூக்கம் கெடக்கூடாதே என்றுதான் அவள் குரலை அடக்கினாள். அதற்கு இந்தத் தெரு கொடுத்த பட்டம், கள்ளப் பேச்சு!

தெருவில் அவளுக்கு ‘மாத்திரை’ என்று பெயர். கல்யாணத்துக்கு முன்பு மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். புருஷன் வீட்டில் அடி பொறுக்காமல் ஒற்றைப் பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தபோது, “மாத்திரை திரும்பிடுச்சு, இனி யாருக்குத் தலைவலியோ” என்று சிரித்தார்கள். அண்ணிக்குத்தான் என்பது அவர்கள் கணக்கு. அண்ணியோ தையல் மெஷினை ஓரமாகத் தள்ளி, ஒரு மேஜையைப் போட்டு, “இது உன் இடம்” என்றாள்.

வெளியூர் மருத்துவமனை ஒன்றில் மருந்துப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். தங்க அறையும் உண்டு. தான் பூட்டித் தானே திறக்கிற ஒரு கதவு. அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நேர்காணல் லேப்டாப் வழியாகத்தான். லாரி ஓட்டும் அண்ணன் எங்கோ வாங்கி வந்த பழைய லேப்டாப். விண்டோஸ் ஏற்றினால் திணறியது என்று லினக்ஸ் போட்டிருந்தார்கள். வைஃபை பெட்டி மாடியில், இரண்டு வீட்டுக்கும் பொது. முதல் நேர்காணலில் பேச்சுக்கு நடுவே இணைப்பு அறுந்தது. சேர்ந்தது. மறுபடி அறுந்தது.

“அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்க்கலாம்மா. அப்பவும் இப்படின்னா எங்களைத் தப்பா நினைக்காதீங்க” என்றார் அதிகாரி.

வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அப்படித்தான் படிக்கட்டுக்குப் போனாள். மருந்துக்கடையின் பழைய முதலாளி, பல் கட்டிய பெரியவர், தினமும் திரையில் வந்து கேள்வி கேட்டுப் பழக்கினார். தெரு தேடிய ‘எவன்’ அவர்தான்.

படியில் இன்னும் மோசம். சிக்னல் முழுசாக நிற்கும். கண் மூடித் திறப்பதற்குள் இணைப்பு போயிருக்கும். ரிப்பேர்க் கடைக்காரர், “உள்ள கார்டு போச்சும்மா” என்று கையை விரித்தார். மாடிக்காரம்மா, “எங்களுக்கு நல்லாத்தான் வருது. உன் ராசி அப்படி” என்றாள்.

ராசியாம். புருஷன் வீட்டிலும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். மாத்திரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்து மேஜையில் உட்கார்ந்து முதலாளியை அழைத்தாள். பேச்சு நன்றாகவே ஓடியது. அதற்குள் அண்ணிக்கு ஒரு ரவிக்கை தேய்க்க வேண்டியிருந்தது. வீட்டில் ஒழுங்கான பிளக் ஒன்றுதான். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி, இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். சற்று நேரத்தில் முதலாளி திறந்த வாயோடு உறைந்துபோனார்.

“அண்ணி, உங்க இஸ்திரிப் பெட்டிக்கும் வைஃபைக்கும் என்ன பகை? அன்னைக்கு நேர்காணல்லயும் இப்படித்தான், நீங்க தேய்க்க வந்தாலே போயிடுது!”

“ஏண்டி, பழி போட வேற ஆள் கிடைக்கலையா உனக்கு?”

சிரிக்கப் போன மாத்திரை அப்படியே நின்றாள். படிக்கட்டுக்குப் போகும்போதும் சார்ஜரைக் கழற்றிவிட்டுத்தானே போகிறோம்?

“அண்ணி, பெட்டியை எடுங்க. சார்ஜரையும் போடாதீங்க. பிளக் சும்மா இருக்கட்டும்.”

இஸ்திரிப் பெட்டி இல்லாமலே இணைப்பு போனது. சார்ஜரைச் செருகியதும் ஒழுங்காக நின்றது. இஸ்திரிப் பெட்டி பழியிலிருந்து தப்பித்தது. இணையத்தில் துழாவியபோது விஷயம் புரிந்தது. பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, கொஞ்சம் ஓய்வு கிடைத்தாலும் வைஃபையைத் தூங்க வைக்கிற ஒரு ஏற்பாடு உள்ளே இருந்தது. பேட்டரி நின்று உழைக்கட்டும் என்று தங்கை மேல் பாசத்தில் அண்ணன்தான் கடையில் சொல்லிப் போட வைத்திருந்தார்! அவள் டெர்மினல் என்கிற கட்டளைத் திரையைத் திறந்து, எழுத்தெழுத்தாகக் கட்டளை அடித்து அதை நிறுத்தினாள். லேப்டாப்பை அணைத்துப் போட்டதும் பழைய குணம் திரும்பியது. விடவில்லை, அமைப்புக் கோப்பிலேயே போய் மாற்றினாள்.

நேர்காணல் அன்று அண்ணி தேய்ப்பை நிறுத்திவிட்டு, பிளக்குக்குக் காவல் இருந்தாள். பாதியில் அதிகாரி, “முகம் இருட்டா தெரியுதும்மா. ஜன்னல் பக்கம் வர முடியுமா?” என்றார். சார்ஜர் வயர் அவ்வளவு தூரம் எட்டாது. அண்ணி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். மாத்திரை வயரைக் கழற்றிக்கொண்டு எழுந்தாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அங்கே அவர்கள் ஏதோ காகிதத்தைப் புரட்டினார்கள், யாரும் பேசவில்லை. வைஃபை தூங்கிப்போக இதுதான் சமயம். அண்ணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“எப்ப வந்து சேர முடியும்?” என்று குரல் தெளிவாக வந்தது.

கிளம்பிய அன்று மாடிக்காரம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். “இனிமே படி காலியா இருக்கும்” என்றாள்.

“ஆமாக்கா. உங்க வீட்டுக்காரரை நிம்மதியா தூங்கச் சொல்லுங்க.”

அண்ணி சார்ஜரைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். “இது இல்லாமலும் ஓடும்னு திமிரா இருக்காதே. ஞாயித்துக்கிழமை கூப்பிடு.”

நெஞ்சழுத்தக்காரி, வாசல் தாண்டியதும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று இப்போது பேசுகிறார்கள். அதுவும் பொய். தெருமுனை வரை அவள் திரும்பித் திரும்பித்தான் போனாள்.