பெண் வீட்டிலிருந்து வந்தவர்

இப்போது என் மகனைத் தலைவர் என்கிறார்கள். அவன் பிள்ளைப் பருவத்தையும் எங்கள் பூர்வீகத்தையும் கேட்டு வருகிறவர்களை நான் வாசலோடு அனுப்பிவிடுகிறேன். இதே கேள்விகளோடு முன்பு ஒருவர் வந்தார்.

மகன் அப்போது மாலை வேளைகளில் துறைமுகக் கூலிகளைக் கூட்டிப் பேசிவந்தான். அப்படிப் பேசியவர்களில் சிலரைப் போலீஸ் பிடித்தும் போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிராங்கூன் சாலையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், பினாங்கில் இருக்கும் யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றுக்காக மாப்பிள்ளையை விசாரிக்க வந்ததாகச் சொன்னார். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. தான் குமாஸ்தாவாகக் கப்பலேறி வந்த கதையில் தொடங்கினார். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே மகன் மாட்டுக்கொட்டகைக்காரர்களுக்கு ஆங்கிலப் பத்திரிகையைத் தமிழில் சொன்னதையும், அவர்களுக்காக முனிசிபல் ஆட்களிடம் மலாயில் வாதாடியதையும் பெருமையாகச் சொன்னார். வந்தவர், தம்பிக்கு இப்போது கூட்டாளிகள் யார் என்று கேட்டார். கணவர் இருவரின் பெயரைச் சொன்னார்.

எனக்கு நெருடியது. எங்கள் ஆட்களில் சம்பந்தம் பேச வருகிறவர் முதலில் தாய்வழியைத்தான் துருவுவார். இவர் என் ஊரைக்கூடக் கேட்கவில்லை. மகனின் பரிசுப் புத்தகங்களை எடுக்கக் கணவர் உள்ளே போனதும், பெண்ணின் நட்சத்திரம் என்னவென்று கேட்டேன்.

“ரோகிணிங்க. கன்னி ராசி.”

ரோகிணி ரிஷப ராசி. பெண்ணின் சாதகத்தைத் தொட்டவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார்.

அவர் போனபின், வந்தவர் போலீஸ் ஆள்போல் தெரிகிறது என்று கணவரிடம் சொன்னேன்.

“இப்பிடி எல்லாரையும் சந்தேகப்பட்டா உன்ரை மகனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?” என்று சிரித்தார்.

மதியம் மகன் சாப்பிட உட்கார்ந்தான். உடனே ரயிலேறி உட்லண்ட்ஸ் போய், படகில் கடலைக் கடந்து, ஜொகூரில் என் தம்பி வீட்டில் இரு என்றேன். அவன் பயப்படவில்லை, கேலியும் செய்யவில்லை.

“அப்பா ஆற்றை பேரைச் சொன்னவர்?”

சொன்னேன். பாதிச் சோற்றில் கையைக் கழுவினான்.

“முதல்ல அவங்களுக்குச் சொல்லோணும், அம்மா.”

வழியை மறித்து நின்றேன். என் தோளைப் பிடித்து மெல்ல விலக்கிவிட்டு, துறைமுகத்துப் பக்கம் போனான்.

அந்த இருவரும் தப்பினார்கள். இவனைப் போலீஸ் அவர்கள் வீட்டு வாசலிலேயே பிடித்தது. மழைக்காலம் முடிந்துதான் திரும்பி வந்தான். அன்று முதல் கூலிகள் அவன் சொல்லுக்குக் காத்திருந்தார்கள். நேரே ரயில் ஸ்டேஷனுக்குப் போயிருந்தால் அவனும் தப்பியிருப்பான். அது என் கணவருக்கும் தெரியும். நாங்கள் அதைப் பேசுவதில்லை.