வாத்தம்மாவின் வசனம்

பதினாறு வருடம் சினிமாவில் இருந்து, ஐந்து படங்களில் முக்கியப் பாத்திரம் ஏற்று, ஒரு வார்த்தைகூடப் பேசாத நடிகை யாராவது உண்டா என்று கேட்டால், உண்டு. ஸ்டூடியோவில் காவலாளி முதல் முதலாளி வரை அவளை வாத்தம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

'குண்டு வாத்து' கார்ட்டூன் படம் பார்க்காத குழந்தையைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். தபால்காரர் ஒருவர் சைக்கிளில் போவார். முன்கூடையில் ஒரு குண்டு வாத்து உட்கார்ந்திருக்கும். தபால்காரர் ஊர்ப்பட்ட கதை பேசுவார், வாத்து "க்வா" என்னும். சிரித்தாலும் க்வா, அழுதாலும் க்வா, பசித்தாலும் க்வா. இப்படியே ஐந்து பாகம் ஓடிவிட்டது. பல் தேய்க்கிற பிரஷ்ஷில் அந்த வாத்து, பள்ளிப் பையில் அந்த வாத்து, குளித்துத் துடைக்கிற துண்டிலும் அந்த வாத்து. இத்தனை வாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு தொண்டைதான். அது வாத்தம்மாவுடையது.

அவள் இந்த வேலைக்கு வந்ததே தனிக்கதை. ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, யாருக்கு எந்த அறை எத்தனை மணிக்கு என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தவள். முதல் பாகத்துக்காக நிஜ வாத்து ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். வண்டியில் வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்த வாத்து, மைக்கைப் பார்த்ததும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டது. இரண்டு மணி நேரம் கெஞ்சிப் பார்த்தார்கள். சரி, எடுத்துக் கொடுத்தால் பாடுமோ என்று வாத்தம்மா கதவிடுக்கில் தலையை நீட்டி ஒரு குரல் கொடுத்தாள். வாத்து கண்டுகொள்ளவே இல்லை. ஒலிப்பதிவாளர்தான் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு வாத்து வீட்டுக்குப் போனது, இவள் உள்ளே போனாள்.

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும். வாத்து வேஷத்துக்கும் அதே சட்டம்தான், அதில் அவளுக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதுதான். நடிகர்கள் பட்டியலில் அவள் பெயர் வராது. ரொம்ப நேரம் கழித்து, தியேட்டரில் பெருக்குகிறவர்கள் விளக்குமாற்றோடு உள்ளே வந்த பிறகு, 'சத்தங்கள்' என்ற தலைப்பில் மழை, கதவு, சைக்கிள் மணி என்று போட்டு, அதற்கும் கீழே வாத்து என்று போட்டு அவள் பெயர் வரும்.

"சைக்கிள் மணிக்குக் கீழயாம்மா?" என்று மகள் ஒரு தடவை கேட்டேவிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண். பொடி எழுத்து எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

மூன்றாம் பாகத்தின்போது வாத்தம்மா மேலிடத்தில் கேட்டும் பார்த்தாள், வாத்து ஒரு நாளாவது பேசக்கூடாதா என்று. மேலிடம் என்பது ஐந்தாவது மாடி. "வாத்து பேசினா ஒவ்வொரு நாட்டுக்கும் வேற வேற ஆளை வெச்சுப் பேச வைக்கணும் மேடம். க்வான்னா உலகம் பூரா க்வாதானே?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நியாயம்தான். இந்த நியாயத்தைப் போல மனுஷர்களை எரிச்சல்படுத்துகிற சாமான் வேறு எதுவும் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் குட்டைமுடி வந்து சேர்ந்தாள். ஸ்டூடியோவுக்குப் புது டைரக்டர். காதுக்கு மேலே வெட்டிய முடி, சட்டைப்பையில் எந்நேரமும் நான்கு பென்சில். ஒரு மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் வாத்தம்மா தன் நாத்தனாரைப் போலப் பேசிக்காட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, டவுன் பஸ் ஓட்டுகிறவள், இவர்கள் வீட்டிலேயே இருக்கிறவள். "படியில தொங்கற மகராசா, நீங்க மனசு வெச்சு உள்ள வந்தாத்தான் வண்டி நகரும்!" என்று வாத்தம்மா சொன்னதும் மேசையே குலுங்கிச் சிரித்தது. அடுத்த மேசையிலிருந்து குட்டைமுடி தட்டும் கையுமாக எழுந்து வந்தாள்.

"அக்கா, இது யார் குரல்?"

"என் நாத்தனாரோடது."

"இல்லக்கா. உங்களோடது."

குட்டைமுடியிடம் ஒரு கதை இருந்தது. வாத்து இல்லாத கதை. முப்பது வருடம் ஒரே வழியில் பஸ் ஓட்டிய ஒருத்தி. தினம் ஒரு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போகிறாள், அந்த ஆறு எங்கே போய்ச் சேருகிறது என்று ஒருநாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. ஓய்வுபெறும் நாளன்று, கடைசி ஸ்டாப்பில் நிற்காமல், பயணிகளோடு வண்டியைக் கடல்வரை விட்டுவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. வாத்தம்மா வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "கடல் வருமா?" என்றாள். வரும் என்றாள் குட்டைமுடி.

முதலில் தற்காலிகக் குரலாகத்தான் கூப்பிட்டார்கள். பென்சில் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்க்கும்போது பேசுவதற்கு யாராவது வேண்டுமே! பிறகு பெரிய நடிகை யாராவது வந்து பேசிக்கொள்வார் என்று ஏற்பாடு. ஓட்டிப் பார்த்தவர்களோ, இந்தக் குரலையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஐந்தாவது மாடியும் தலையை ஆட்டியது. யானைக்கு ஒரு காலம் வந்தால் வாத்துக்கு ஒரு காலம் வராமலா போகும்?

இரண்டு வருடம் வேலை நடந்தது. டிரைவரின் பேச்சு முழுவதும் பதிவாகிவிட்டது, ஒரே ஒரு வசனம் தவிர. கடைசி ஸ்டாப் வருவதற்குள், பயணிகளைக் கண்ணாடியில் பார்த்து அவள் சொல்கிற வசனம்.

"இறங்கறவங்க இறங்கிக்குங்க. இந்த வண்டி இனிமே நிக்காது."

"இதைக் கடைசியா எடுப்போம்க்கா," என்றாள் குட்டைமுடி. "அதுவரைக்கும் வீட்டுல சொல்லிப் பழகிக்கிட்டே இருங்க."

பழகினாள். பழகினாள் என்றால் கொஞ்சநஞ்சமல்ல. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, நான்கு பேர், குளியலறை ஒன்று. அந்த வசனம் சீக்கிரத்திலேயே வீட்டுச் சொத்தாகிவிட்டது. குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டு மகள் அதைச் சொன்னாள். கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவரே லிஃப்ட் கதவை மூடும்போது, "இறங்கறவங்க இறங்கிக்குங்க," என்று பக்கத்து வீட்டுக்காரர்களைப் பயமுறுத்த ஆரம்பித்தார்.

நாத்தனார்தான் லேசில் விடவில்லை. முப்பது வருடம் இல்லாவிட்டாலும் பதினெட்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவள் இல்லையா? ஞாயிற்றுக்கிழமைதோறும் பாடம் நடந்தது. வாத்தம்மா நாற்காலியில் உட்கார வேண்டும், எதிரே சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி, பின்னால் சோபாவில் மூன்று பயணிகள்.

"கத்தாதீங்க அண்ணி. எந்த டிரைவரும் கத்த மாட்டா. கண்ணாடியைப் பாத்துச் சொல்லுங்க. பக்கத்துல நிக்கறவனுக்கு இல்ல, கடைசி சீட்டுல இருக்கறவனுக்கு. அவனுக்குக் கேட்டாத்தான் கேட்டதுன்னு அர்த்தம்."

"சரி."

"அப்புறம் அந்த 'இனிமே' இருக்கு பாருங்க, அங்க கொஞ்சம் நிறுத்தி எடுக்கணும். பிரேக் போட்டு எடுக்கற மாதிரி."

நிறுத்தி எடுத்தாள். கண்ணாடிக்குள் சோபா மொத்தமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. "எப்படி?" என்று கேட்டாள்.

"ம். இன்னும் கடைசி சீட்டுக்கு வரல," என்று நாத்தனார் எழுந்து போய்விட்டாள். இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவள் வாயிலிருந்து நல்லாருக்கு என்று வந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். நடுமேசையில் பெரிய கேக் ஒன்று இருந்தது. வாத்து வடிவம்.

ஐந்தாவது மாடிக்காரர் இறங்கி வந்து பேசினார். மக்கள் தெரிந்த முகத்தைத்தான் தேடி வருகிறார்களாம். அதனால் புதுக் கதைகளைக் கொஞ்ச காலம் தள்ளி வைக்கிறார்களாம். தள்ளி வைத்தது மூன்று: பொத்தான் தொழிற்சாலைக் கதை, வழி தவறிய மேகத்தின் கதை, பஸ் கதை. அதே மூச்சில் குண்டு வாத்து ஆறாம் பாகத்தையும் ஏழாம் பாகத்தையும் சேர்த்தே அறிவித்தார். அரைத்த மாவையே அரைக்கிறவர்களை நாம் கிண்டல் செய்கிறோம். அரைக்க அரைக்க அந்த மாவு கூடிக்கொண்டே போகிற வித்தையை எங்கே போய்ச் சொல்வது? எல்லோரும் கை தட்டினார்கள். வேலை போகவில்லை என்ற நிம்மதியும் அந்தக் கைதட்டலில் இருந்தது, அதைத் தப்புச் சொல்ல முடியாது. வாத்தம்மாவும்தான் தட்டினாள்.

குட்டைமுடிக்குக் கேக்கில் வாத்தின் கழுத்துத் துண்டு கிடைத்தது. தட்டைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள்.

"அந்த வசனத்தையாவது முன்னாடியே எடுத்து வெச்சிருக்கலாம்க்கா. தப்புப் பண்ணிட்டேன்."

"விடும்மா. வசனம் எங்க ஓடிடப் போகுது?" என்றாள் வாத்தம்மா. அடுத்த மாதம் குட்டைமுடி வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். அங்கே ஏதோ ஒரு படத்தின் நான்காம் பாகமாம்.

வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்த வசனத்தை யாரும் சொல்வதில்லை. கூடிப் பேசி முடிவெடுத்ததல்ல, தானாகவே நின்றுபோனது. மகள் குளியலறைக் கதவை வெறுமனே தட்டினாள். கணவர் லிஃப்ட் கதவைச் சத்தமில்லாமல் மூடினார். நாத்தனார் ஒருநாள் பழக்க தோஷத்தில், "இறங்க..." என்று ஆரம்பித்து, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "இறக்கிட்டேன் அண்ணி, பாலை அடுப்புலேருந்து இறக்கிட்டேன்," என்று சமாளித்தாள். அடுப்பில் பாலே இல்லை. படம் நின்றதற்கு அழாத வாத்தம்மா இதற்குப் போய் அழுதாள்.

ஆறாம் பாகம் ஆரம்பமானது. கதைப்படி தபால்காரர் ஓய்வுபெறுகிறார். பழைய சைக்கிளை எடைக்குப் போடப் போகிறார்கள். அப்போது வாத்து கூடையை விட்டு எழுந்து, இருக்கையில் ஏறி, தானே சைக்கிளை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. கிளம்பும் முன் ஒரு சத்தம் கொடுக்க வேண்டும்.

"ஒரே ஒரு பெரிய க்வா," என்றார் புது டைரக்டர். "தைரியமா இருக்கணும், சோகமா இருக்கணும், ஆனா குழந்தைங்க சிரிக்கணும்."

பதினான்கு தடவை எடுத்தார்கள். தைரியம் வந்தால் சோகம் வரவில்லை, சோகம் வந்தால் சிரிப்பு வரவில்லை. மைக்குக்கு எதிரே பெரிய கண்ணாடித் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். முதல் பாகத்தில் திரும்பிப் பார்த்தாரே, அவரேதான். அவருக்குக் காது என்றே பெயர் வைத்திருந்தார்கள். "அக்கா, உங்களுக்கு என்ன தோணுதோ அதைப் பண்ணுங்க. நான் பதிவு பண்ணிக்கறேன்," என்றார் காது.

வாத்தம்மா நிமிர்ந்தாள். தடுப்புக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் அறையின் கோடியில் காலி நாற்காலி ஒன்று தெரிந்தது. அந்த நாற்காலிக்குக் கேட்கிற மாதிரி, கத்தாமல் சொன்னாள்.

"க்வக்வக்வக்வக்வக்வ க்வக்வக்வக்வக்வ. க்வக்வ க்வக்வ க்வக்வக்வா... க்வக்வாக்வ."

காது ஹெட்போனைக் கழற்றினார். "அக்கா, இது ஏதோ சொல்லுது."

"வாத்து என்னத்தைச் சொல்லும்? நீங்க வேற."

"ரொம்ப நீளமா இல்ல?" என்றார் டைரக்டர்.

"படத்தைக் கொஞ்சம் இழுத்துக்கலாம் சார்," என்றார் காது. பதினைந்தாவது பதிவுக்கு நேராக ஒரு டிக் விழுந்தது.

வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? க்வா என்றால் உலகம் பூரா க்வாதானே!

படம் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு ஸ்டூடியோவில் நான்கு இலவச டிக்கெட் கொடுத்தார்கள். ஓசி டிக்கெட் என்பதால் கடைசி வரிசை. முன்னால் தியேட்டர் முழுக்கக் குழந்தைகள். கணவர் மடியில் பாப்கார்ன், மகள் ஒரு பக்கம், நாத்தனார் இன்னொரு பக்கம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாத்தனார் கொட்டாவி விட்டாள்.

வாத்து சைக்கிளில் ஏறியது. பேசும்போது வாத்தம்மாவின் முகத்தைக் கேமராவில் எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்துத்தான் வரைவார்கள். அதனால் திரையில் வாத்து நிமிர்ந்தது, சைக்கிளில் மாட்டியிருந்த குட்டிக் கண்ணாடியைப் பார்த்தது, பார்த்தபடியே சொன்னது. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'இனிமே'வுக்கு அப்புறம் வந்த அந்தச் சின்ன நிறுத்தத்தில் மட்டும் ஒரு நொடி தியேட்டரே கப்சிப்பென்று ஆனது.

பாப்கார்ன் எடுத்த கணவரின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. மகள் அம்மாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். வாத்தம்மா யார் பக்கமும் திரும்பவில்லை.

சைக்கிள் சரிவில் இறங்கி, பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இருட்டில் நாத்தனார் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குனிந்து, காதோரமாகச் சொன்னாள்.

"கடைசி சீட்டுக்குக் கேட்டுச்சு அண்ணி. நான் இறங்கல."