இரண்டாயிரம் கன்றுகளுக்கு ஒரு கையெழுத்து

தபால்காரர் அவளுக்கு வைத்த பெயர் பதிவுத்தபால் அக்கா. அந்த மலைச்சரிவில் முப்பது நாற்பது வீடுகள் இருந்தும், கையெழுத்துப் போட்டு வாங்குகிற தபால் அவளுக்கு மட்டும்தான் வரும். ஆறு வருடத்தில் நாற்பத்தேழு வந்தது. அத்தனையையும் ஒரு தகரப் பெட்டியில் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தாள்.

பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காபித் தோட்டம்தான் வாழ்க்கை. மாமனார் தன் இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கு இரண்டு ஏக்கர் பிரித்துக் கொடுத்திருந்தார். நடுவில் வேலி கிடையாது. அவளும் கணவனும், கொழுந்தனும் ஓரகத்தியும் பழம் பறிப்பதும் காய வைப்பதும் சேர்ந்தேதான். இன்றைக்கு யார் செடியில் பறிக்கிறோம் என்றுகூடப் பாதி நாள் யாரும் கவனிப்பதில்லை.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் இலைகள் மஞ்சளாகித் தொங்கத் தொடங்கின. தண்டைத் தடவினால் வளையம் வளையமாகப் புடைத்திருந்தது. தண்டு துளைக்கும் புழு. அது உள்ளே புகுந்துவிட்டால் செடியைப் பிடுங்கிக் கொளுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. விட்டு வைத்தால் பக்கத்துச் செடிக்குப் போய்விடும்.

காபி வளர்ச்சி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். வரிசை வரிசையாக நடந்து செடிகளை எண்ணினார். எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். அடுத்த மழைக்குள் நோய் தாங்கும் ரகத்தில் அரசாங்கமே கன்று கொடுக்கும் என்றார். அவர் பேச்சை நம்பி இரண்டு குடும்பமும் பதினொரு நாள் பிடுங்கினார்கள். ஆண்கள் வேரை வெட்ட, பெண்கள் இழுத்துக் குவித்தார்கள். உள்ளங்கை தோல் உரிந்தது. இத்தனை விறகையும் அடுப்பில் வைத்தால் பேரன் காலம் வரைக்கும் சமைக்கலாம் என்று ஓரகத்தி சொல்ல, எரிகிற குவியல் முன்னால் நின்று நால்வரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சிரித்ததாக அவளுக்கு நினைவில்லை.

மழை வந்தது, கன்று வரவில்லை. அலுவலகத்தில் கேட்டால் அடுத்த லாரியில் என்றார்கள். இரண்டாவது மழையும் வந்து, மூடாமல் கிடந்த சரிவின் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போனது. கணவன் மலையடிவார ஊரில் ஒரு கிடங்குக்கு மூட்டை தூக்கப் போனான். அவள் அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள்.

தகவல் கேட்கும் சட்டத்தைப் பற்றி அவளுக்குச் சொன்னவர் ஜெராக்ஸ் கடைக்காரர்.

"கன்னு குடுங்கன்னு கேட்டா கைய விரிப்பாங்க. யாருக்குக் குடுத்தீங்கன்னு கேளுங்க. அதுக்கு பதில் சொல்லியே ஆகணும்."

அவளே எழுதினாள். எத்தனை கன்று வந்தது, எந்தத் தேதியில், யார் யாருக்கு. சரியாக முப்பதாவது நாள் பதில் வந்தது: கேள்வி தெளிவாக இல்லை. தெளிவாக எழுதினாள். கோப்பு வேறு பிரிவுக்குப் போயிருக்கிறது என்றார்கள். அந்தப் பிரிவுக்கு எழுதினாள். மற்றவர் விவரத்தைத் தர இயலாது என்றார்கள். மேல்முறையீடு செய்தாள். அதை விசாரித்தவர் முதலில் மறுத்தவருக்கு அடுத்த மேசைக்காரர். இரண்டு பேருக்கும் ஒரே மின்விசிறி. அவரும் மறுத்தார். கடைசியில் தகவல் ஆணையத்துக்குப் போனாள். ஒரு வருடம் எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த விசாரணை ஆறு நிமிடத்தில் முடிந்தது. கேட்டதைக் கொடுக்கச் சொல்லி உத்தரவானது.

அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்ததுமே, கன்று எப்போது வரும் என்று கணவன் கேட்டான். முதலில் தாள் வரும் என்றாள்.

நூற்று எண்பத்தாறு பக்கம் வந்தது. தரையில் பரப்பி, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கன்று வாங்கியிருந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் கணவன் பெயர் இருந்தது. பெற்றுக்கொண்ட கன்றுகள் இரண்டாயிரம். பக்கத்தில் கையெழுத்து.

கள்ளக் கையெழுத்தாக இருக்க வேண்டுமே என்று அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இல்லை. கடைசி எழுத்தின் வாலை மேலே சுழித்துவிடுவது அவன் பழக்கம். அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. செடி எண்ண வந்த அன்று, ஆய்வு முடிந்ததற்கு அடையாளமாக என்று சொல்லி, ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து அதிகாரி ஒரு தாளை நீட்டினார். மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கணவன் தயங்கினான். அவள்தான், சார் எவ்வளவு நேரம் வெயிலில் நிற்பார், போட்டுக் கொடுங்கள் என்று அவசரப்படுத்தினாள்.

இரண்டு வரி கீழே கொழுந்தனின் கையெழுத்தும் இருந்தது. அவனுக்கும் இரண்டாயிரம். ஆனால் அவன் நிலத்தில் நிஜமாகவே கன்று நின்றது. முந்தைய மழையில் நட்டது, இப்போது முழங்கால் உயரம். ஓரகத்தியின் அண்ணன் கொடுத்தது என்று சொன்னதை இத்தனை நாள் அவள் நம்பியிருந்தாள். தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கொழுந்தனின் நிலத்துக்கு விறுவிறுவென்று நடந்தாள்.

கொழுந்தன் பார்த்துவிட்டு, "கையெழுத்து என்னுதுதான் அண்ணி. ஆனா கன்னு வாங்கல," என்றான்.

"அப்ப இது எங்கிருந்து முளைச்சது?"

"அதான் சொன்னேனே அக்கா, எங்க அண்ணன் வீட்டுலேர்ந்துன்னு," என்றாள் ஓரகத்தி.

"உங்க பங்கும் வாங்கி, எங்க பங்கையும் வாங்கிட்டு, கொஞ்சம்கூட வாய் கூசாம பேசறீங்க."

ஓரகத்தி அவள் கையிலிருந்த தாளை வாங்கி, நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். இனிமேல் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அந்த வாரமே நடுவில் முள்கம்பி வேலி வந்தது.

தம்பி பொய் சொல்கிறவன் இல்லை என்று கணவன் ஒரே ஒரு தடவை சொன்னான். அப்படியானால் இந்தத் தாளா பொய் சொல்கிறது என்று கேட்டாள். மூன்று வருடம் அலைந்து வாங்கிய தாள் அது. ஒவ்வொரு பக்கத்திலும் அரசாங்க முத்திரை. கூடப் பிறந்தவனுக்குப் பரிந்து பேசுகிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது.

அந்தக் கட்டோடு அலுவலகத்துக்குப் போய், தங்கள் கன்று கைக்கு வரவே இல்லை என்று புகார் கொடுத்தாள். குமாஸ்தா நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, முழுசாகப் படித்தார்.

"அம்மா, நீங்க வாங்கிட்டதா இதுலயே இருக்கு. சீல் போட்ட காப்பிய நீங்களே கொண்டு வந்திருக்கீங்க. நான் என்ன பண்ண முடியும்?"

ஜீப்பில் வந்த அதிகாரி ஓய்வு பெற்றுப் போயிருந்தார். இப்போது புதிதாக ஒரு உதவித் திட்டம் வந்திருப்பதாகவும், ஆனால் ஒரு தடவை கன்று வாங்கியவர்கள் எட்டு வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது என்றும் குமாஸ்தா சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். அவளுக்கு விட மனமில்லை. தன் இரண்டாயிரம் கன்றையும் கொழுந்தன்தான் வாங்கினான் என்று நிரூபிக்க வேண்டும். எந்த லாரி, எந்த நாள், எந்தப் பண்ணையிலிருந்து ஏற்றியது என்று கேட்டு எழுதிக்கொண்டே இருந்தாள். ஒரு வருடம் கழித்து வந்த ஒரு பதிலில் நாற்றுப் பண்ணையின் முகவரி இருந்தது. ஆறு லட்சம் கன்று அங்கே வளர்க்கப்பட்டதாக எழுதியிருந்தது. இரண்டு பஸ் மாறி, மூன்று மைல் நடந்து போனாள்.

கதவு திறந்தே கிடந்தது. நிழல்வலை கட்ட நட்ட இரும்புக் கம்பங்கள் மட்டும் வரிசையாக நின்றன, இடுப்பளவு புல்லுக்கு நடுவில். ஓர் ஓரத்தில் கன்று வைக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பைகள், கடையில் கட்டிய சணல்கூட அவிழ்க்காமல், வெயிலில் நொறுங்கிக் கிடந்தன. வயதான காவலாளி ஒருவர் எழுந்து வந்தார்.

"கன்னா? நான் வந்து ஏழு வருஷம் ஆச்சும்மா. மோட்டார் அதுக்கு முன்னாடியே போச்சு. ஒரு பையில மண்ணு போட்டு நான் பாத்ததில்ல."

அவள் பையிலிருந்து பட்டியலை எடுத்துக் காட்டினாள். கண்ணாடி இல்லை, படிக்க வராது என்றார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து குடித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் ஒரு கன்றும் கிடைக்கவில்லை. கிடைக்க அங்கே எதுவும் இருந்ததே இல்லை.

மறுநாள் காலை வேலி ஓரம் போய் நின்றாள். அந்தப் பக்கம் ஓரகத்தி கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் வீட்டுக் கன்றிலும் புழு வந்துவிட்டிருந்தது. இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பண்ணையைப் பற்றி, பைகளைப் பற்றி, காவலாளி சொன்னதைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள். தப்பாகப் பேசிவிட்டேன் என்றாள். ஓரகத்தி கை வேலையை நிறுத்தவில்லை.

"இதை நாங்க அன்னைக்கே சொன்னோமேக்கா. நாங்க சொன்னா நம்பல. எவனோ ஒரு காவலாளி சொன்னா நம்பறீங்க."

இவள் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

பண்ணையைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு புகார் அனுப்பினாள். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டதால் அந்தக் கோப்புகள் அழிக்கப்பட்டன என்று இரண்டே வரி. மேல்முறையீட்டுக்கு நாள் இருந்தும் அவள் எழுதவில்லை. அந்த வருடமே இரண்டு நிலத்தையும், வேலியோடு, கல் குவாரிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார்.

இப்போது அவள் மலையடிவார ஊரில் காபிக்கொட்டை தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்கிறாள். நீள மேசையில் கொட்டையைக் கொட்டி, கறுத்ததையும் உடைந்ததையும் பொறுக்கி எடுக்க வேண்டும். கண் எரியும், கழுத்து இறுகிவிடும். ஓரகத்தியும் அங்கேதான் இருக்கிறாள், மூன்று மேசை தள்ளி. மதியம் சாப்பிடும் நேரத்தில் இவள் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்காருவாள். ஓரகத்தி எழுந்து போவதில்லை. பேசுவதும் இல்லை. சங்கு ஊதியதும் இரண்டு பேரும் அவரவர் மேசைக்குப் போய்விடுவார்கள்.