கம்ப்யூட்டருக்குத் தைத்த சட்டை

முதல் வேலையில் சேர்வதற்கு முந்தின நாள், பேண்ட்டின் நீளத்தைக் குறைக்கத்தான் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அலுவலகத்துக்குள் காலெடுத்து வைக்கப்போகும் முதல் ஆளும் நானே. அப்படிப்பட்டவன் தரையைப் பெருக்கிக்கொண்டு போகும் பேண்ட்டோடு போகலாமா?

நான் வாடகைக்கு எடுத்த அறைக்கு நேர் கீழே அக்காவின் வீடு. முன்னறைதான் தையல் கடை. ஜன்னலோரம் தையல் மெஷின். எதிர்ச் சுவரை ஒட்டி ஒரு மேசை. அதன்மேல் ஒரு திரை, பக்கத்தில் பூப்போட்ட துணிக்குள் ஒரு பெரிய பெட்டி. துணியில் கண்ணாடித்தாள் வைத்துத் தைத்த இடத்தில் நீல வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது.

“பையனோட கம்ப்யூட்டராக்கா?”

உதட்டில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு அக்கா சொன்னார்: “எனக்கு ஏது பையன்? அது என்னுது.”

உள்ளேயிருந்து அவர் கணவர் குரல் கொடுத்தார். பஸ் ஓட்டுகிறவர். “நம்பு தம்பி. சாப்பாடு ஆச்சான்னு கேட்டா, இருங்க, ஒருத்தனைச் சுட்டுட்டு வர்றேங்கிறா.”

ஒரு கேம் சென்டருக்குத் திரைச்சீலை தைத்த கூலிக்குப் பதிலாக, அதை மூடும்போது வந்த பெட்டியாம் அது. ஓடுகிறதா பார்க்கலாம் என்று உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவேயில்லை. ஞாயிறு மதியம் ஐந்து பேர் அணியாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கி ஆட்டம். மற்ற நால்வரின் முகத்தையும் அவர் பார்த்ததில்லை. அங்கே அவர் பெயர் ஊசி.

துண்டு தைக்கும் ஆர்டர் ஒன்று எடுத்தபோது, அறையெல்லாம் பஞ்சு பறந்ததாம். பெட்டியைக் காப்பாற்றத்தான் அந்த உறை. ஒயர் நுழைய ஓட்டை, ஆன் செய்யும் பொத்தானுக்கு ஒரு மடிப்பு. கழற்றவே வேண்டியதில்லை. தையலை விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு சுருக்கம் இல்லை. அசந்துபோய்ப் பாராட்டினேன்.

“தூசி என்ன தம்பி, காத்துகூடப் புகாது,” என்றார் அக்கா.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய ஆட்டம் பாதியில் நிற்கத் தொடங்கியிருந்தது. திரை திடீரென்று கறுத்துவிடும். ஆட்டத்துக்குப் புது அப்டேட் வந்திருந்ததால், பெட்டிக்கு வயதாகிவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அணித் தலைவன் கல்லூரிப் பையன். ஸ்பீக்கரில் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “வர்ற ஞாயிறும் நின்னுச்சுன்னா வேற ஆளைத்தான் போடணும் ஊசிக்கா. மத்தவங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க.”

அக்கா வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டார். “நாள் பூரா எனக்கு அளவு சொல்றவங்கதான் தம்பி. அங்க மட்டும்தான் நான் சொன்னா நாலு பேர் கேக்குறாங்க.”

நான் படித்தது கட்டடப் பொறியியல். அக்காவுக்கு எல்லா இன்ஜினியரும் ஒன்றுதான். உறையை அவிழ்த்து, பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, பழைய பாகங்கள் விற்கும் கடைக்கு இருவரும் போனோம். திரையில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு நல்லதாகப் போட்டால் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டுமாம். அதற்கு வழியில்லை. இருக்கிற பவர் சப்ளையே தாங்குகிற மாதிரி, யாரோ கழற்றிப் போட்ட கார்டு ஒன்று கிடைத்தது. அதற்கே கையிலிருந்தது தீர்ந்துபோனது.

“ரேமும் கொஞ்சம் கூட்டினா நல்லாருக்கும்,” என்று இழுத்தார் கடைக்காரர்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். “பேண்ட் இடுப்புல இறுக்குது போலருக்கே? ரெண்டு பேண்ட்டை லூஸ் பண்ணித் தர்றேன். ரேமைக் குடுங்க.”

கடைக்காரர் வயிற்றை உள்ளிழுத்தபடியே ரேமை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அக்கா துள்ளினார், உறையை மாட்டினார், மறுபடி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்தது.

“ஏமாத்திட்டான் அந்தக் கடைக்காரன்!”

மறுநாள் நான் வேலை முடிந்து வந்ததும் பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் எங்கள் கண் முன்னாலேயே வெகுநேரம் ஓட்டிக் காட்டினார். ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்து உறையை மாட்டினால் பழைய கதைதான்.

ஞாயிறு காலை, எதற்கும் இன்னொரு தடவை கார்டைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம் என்றேன். அப்போதுதான் ஆடிப் பார்த்து நின்றுபோயிருந்த பெட்டி. உறையை உருவிய அக்கா, அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“என்ன தம்பி இது, இஸ்திரி போட்டு எடுத்த மாதிரி சுடுது?”

பின்பக்கம் தொட்டுப் பார்த்தேன். பெட்டிக்குள் இருக்கும் மின்விசிறி சூட்டை வெளியே தள்ளும் இடத்தின் மேல்தான் இரட்டைத் தையல் போட்டு இழுத்து மூடியிருந்தது உறை. சூடு ஏறி ஏறித்தான் பெட்டி நின்றிருக்கிறது; கடையில் ஓடியபோது உறை இல்லை.

விஷயம் தெரிந்ததும் கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “வெயில் காலத்துல அதுக்கு கோட்டுப் போட்டு விட்டிருக்கா!”

“நீயும்தானே தம்பி தையல் நல்லாருக்குன்னே?” என்று என் பக்கம் திரும்பினார் அக்கா.

“தையல் நல்லாத்தான்க்கா இருந்துச்சு.”

அன்று மதியம் பெட்டி உறையில்லாமல் ஓடியது. பஞ்சு பறக்கக் கூடாதென்று தையல் மெஷினை யாரும் தொடவில்லை, துணி எதுவும் உதறவில்லை. அக்கா கத்தினார், வழி சொன்னார், ஒருவனைத் திட்டினார். கடைசிச் சுற்றில் தோற்றார்கள். ஆனால் கடைசிவரை திரை கறுக்கவில்லை.

“அடுத்த வாரம் மறந்துடாதீங்க ஊசிக்கா,” என்றான் தலைவன்.

பழைய கார்டே போதுமாக இருந்திருக்குமோ என்று அக்காவிடம் மெல்லக் கேட்டேன். “அந்தப் பேச்சை எங்க வீட்டுக்காரர் காதுல போட்டுடாதே,” என்றார்.

அக்கா இன்றும் அதே முன்னறையில்தான் தைக்கிறார், அதே அணியில்தான் ஆடுகிறார். பெட்டி மேல் புது உறை இருக்கிறது. காற்று போகும் இடங்களிலெல்லாம் வலைத்துணி வைத்துத் தைத்தது. கதவில் ஓர் அட்டையும் தொங்குகிறது: ஞாயிறு மதியம் அளவு எடுப்பதில்லை.