என் ஸ்கூட்டருக்கு வாய்த்த சைடு வீல்கள்

தம்பிக்குக் கப்பலில் வேலை கிடைத்த அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எல்லோரும் ஒருமுறை என் காலைப் பார்த்தார்கள். இவன் போய்விட்டால் இவளை வேலைக்கு யார் கொண்டுபோய் விடுவது என்பதுதான் அந்தப் பார்வை.

சின்ன வயதில் போலியோ வந்து எனக்கு வலது கால் சூம்பிப் போனது. அந்தக் காலுக்குப் பதிலாக ஒரு அலுமினிய ஊன்றுகோல். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் பில் போடும் வேலை பார்த்தேன். திருவொற்றியூரில் எங்கள் சந்திலிருந்து கடைவரை ஆறு வருடமாகத் தம்பிதான் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். கிளம்பும்போது தினமும் ஒரே வார்த்தை: "கெட்டியா புட்ச்சிக்கக்கா." நாங்கள் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களிலும் அதை மட்டும் சொல்லிவிடுவான். பஸ்ஸில் போகலாமே என்று புத்தி சொன்னவர்கள் உண்டு. ஊன்றுகோலோடு படியில் ஏறும்வரை எந்த டிரைவர் காத்திருந்தார் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

"நான் போவல. அட்த்த வருசம் பாத்துக்கலாம்" என்றான் தம்பி. "நீ வேலய வுட்டுட்டு வூட்ல இரேம்மா" என்றாள் அம்மா. இரண்டுமே எனக்கு எரிச்சலாக இருந்தது. அவன் பிழைப்பைக் கெடுத்தவள் என்ற பெயரும் வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கவும் வேண்டாம். கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கி, இரண்டு பக்கமும் சைடு வீல் மாட்டி, நானே ஓட்டிக்கொண்டு போவேன் என்று சொல்லிவிட்டேன். அவன் கிளம்ப ஐந்து வாரம் இருந்தது.

கியர் இல்லாத ஸ்கூட்டர் சீக்கிரமே கிடைத்தது. சைடு வீல்தான் பாடாய்ப் படுத்தியது. அது வண்டியோடு வருவதில்லை. ஆளுக்கு ஒரு மாதிரி செய்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். சிலதில் தள்ளுவண்டிக்குப் போடுவதுபோலக் குட்டிச் சக்கரம், சிலதில் ஸ்கூட்டர் சக்கரமே. சிலது வண்டியோடு ஒட்டி இருக்கும், சிலது கையை விரித்ததுபோல அகலமாக நிற்கும். டோல்கேட் பக்கம் போகும்போது அப்படி ஒரு வண்டி சிக்னலில் நின்றால், தம்பியிடம் பைக்கைப் பக்கத்தில் விடச் சொல்லிக் குனிந்து பார்ப்பேன். ஒருவர் என்னை ஏன் முறைக்கிறீர்கள் என்று கேட்டேவிட்டார். "உங்கள இல்ல சார், உங்க சக்கரத்த" என்றேன்.

அகலத்தை முதலில் முடிவு செய்தேன். எங்கள் சந்து முனையில் ஒரு அடிபம்பு உண்டு. அதற்கும் சுவருக்கும் நடுவில் வண்டி நுழைய வேண்டும். என் ஊன்றுகோலில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க அங்குலத்துக்கு ஒரு ஓட்டை இருந்தது. அதுதான் என் அளவுகோல். குறுக்கே பிடித்து, எத்தனையாவது ஓட்டை என்று எண்ணி வைத்துக்கொண்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மற்றதையெல்லாம் என் முதலாளி அண்ணாச்சி முடிவு செய்தார். தெற்கிலிருந்து வந்து இரும்புக் கடை போட்டவர். இரும்பு மார்க்கெட்டில் எதையும் எடையை வைத்துத்தான் மதிப்பார்கள். கதவோ கட்டிலோ, கையால் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் நல்ல சாமான். குட்டிச் சக்கரம் போட்ட ரெடிமேட் செட் ஒன்றை நான் காட்டியபோது அண்ணாச்சி அதை ஒரு விரலில் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

"இரும்புன்னா கனம் வேணும்லா. இது என்ன, அப்பளமா? நம்ம கடையில இல்லாத ஆங்கிளா? நான் அடிச்சுத் தாரேன்."

கடையிலேயே தடித்த L வடிவ இரும்பு ஆங்கிளாகப் பொறுக்கி எடுத்து, வெல்டரைக் கூப்பிட்டு, அசையாத சட்டமாக அடித்து, இரண்டு பக்கமும் பெரிய சக்கரம் மாட்டிவிட்டார். சட்டத்தை மாட்டுவதற்குமுன் தராசில் வைத்துப் பார்த்துத் திருப்தியாகச் சிரித்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நானும் சும்மா இருந்தேன். இல்லை, உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்திருந்தது. இரும்புக் கடையில் ஆறு வருடம் பில் போட்டவளுக்கு வேறு எப்படி யோசிக்க வரும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் மார்க்கெட்டின் சிமெண்டுத் தரையில் ஓட்டிப் பழகினேன். வண்டி மலைபோல நின்றது. தம்பி கைதட்டினான். தம்பி கிளம்ப இன்னும் பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை காலை முதன்முதலாக ரோட்டில் இறங்கினேன். அவன் பைக்கில் பின்னால் வந்தான்.

மார்க்கெட்டுக்குப் போகும் அந்த ரோட்டில் பகலெல்லாம் கண்டெய்னர் லாரிகள் போகும். வெயிலில் தார் இளகி, லாரிச் சக்கரம் போன இடமெல்லாம் வாய்க்கால்போலப் பள்ளமாகியிருக்கும். பாதி தூரத்தில் என் வண்டி அப்படி ஒரு பள்ளத்துக்குள் போனது. சைடு வீல்கள் இரண்டும் இரு பக்க மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டன. நடுவில் இருந்த பின்சக்கரம் பள்ளத்தில் தரையைத் தொடவில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க அது சும்மா சுற்றியது. வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. பின்னால் ஒரு டிரெய்லர், அதற்குப் பின்னால் இன்னும் நாலு. ஊன்றுகோலை எடுத்து இறங்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். அவமானத்தில் காது சுட்டது.

டிரெய்லர் டிரைவர் இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து சட்டத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஸ்பிரிங்கே இல்லாம பண்ணிகிறாங்க? அம்மாம் லோடு ஏத்தற என் வண்டிக்கே ஸ்பிரிங் கீது. உன் பின் வீலு அந்தரத்துல சுத்திகினு கீது பாரு."

அவரும் தம்பியும் சேர்ந்து வண்டியைத் தூக்கி ஓரத்தில் விட்டார்கள். தூக்கும்போது அந்த எடைக்கு அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. தம்பி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "நான் போவலக்கா" என்றான். இந்த முறை அதை மெதுவாகச் சொன்னான். எனக்கு அழுகை வந்தது. அழுவதற்குமுன் ஊன்றுகோலை அந்தப் பள்ளத்தில் இறக்கி அளந்தேன். மூன்று ஓட்டை ஆழம்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, தம்பியை இழுத்துக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனேன். சைடு வீல் மட்டுமே செய்கிற ஒரு பாய் அங்கே இருந்தார். சுவரில் பத்துப் பன்னிரண்டு ஜோடி மாட்டியிருந்தார். நான் பழக்க தோஷத்தில் ஒன்றைத் தூக்கி எடை பார்த்தேன்.

"அத வுடுங்கம்மா. எந்த ரோட்ல ஓட்டுவீங்க, அத சொல்லுங்க" என்றார் பாய்.

இத்தனை நாளில் யாரும் இதைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஊன்றுகோலைக் காட்டி, பள்ளம் மூன்று ஓட்டை, சந்து இத்தனை ஓட்டை என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டேப்பை வைத்து அந்த ஓட்டைகளை அளந்து எழுதிக்கொண்டார். ஸ்பிரிங் வைத்த ஒரு ஜோடியை எடுத்து, சக்கரத்தைக் கையால் அழுத்திக் காட்டினார். மேட்டில் ஏறினால் சைடு வீல் தானாக மேலே போகும், பின்சக்கரம் தரையை விடாது. ஆனால் திருப்பத்தில் வண்டி கொஞ்சம் சாயும், வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றார். அண்ணாச்சியின் சட்டத்தில் பாதி கனம்கூட இல்லை. அப்பளம்தான். அதையே எடுத்துக்கொண்டேன்.

மாட்டிய அன்று நேராக அதே பள்ளத்துக்கு ஓட்டிப் போனேன். பின்சக்கரம் உள்ளே இறங்கியது, சைடு வீல்கள் மேலே எழும்பின, வண்டி போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவுதான், ஒன்றும் நடக்கவில்லை. வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. திரும்பி வந்து இன்னொரு தரம் இறங்கிப் பார்த்தேன். அன்றைக்கு ஐந்து தரம். கழற்றிய சட்டத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் பயமாக இருந்தது. அண்ணாச்சி அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "இதையும் சொமக்க வச்சிட்டனேம்மா" என்று சொல்லி ஸ்கிராப் குவியலில் போட்டார்.

தம்பி கிளம்பும் நாள் காலையில் ராயபுரத்தில் கப்பல் கம்பெனி ஆபீசில் ஆஜராக வேண்டும். ஆட்டோ கூப்பிடப் போனவனை நிறுத்தி, பின்னால் உட்காரச் சொன்னேன். பெட்டியை என் கால்களுக்கு நடுவில் வைத்தேன். அம்மா அடிபம்புக்குப் பக்கத்தில் நின்று, வண்டி சுவரில் உரசாமல் வெளியே வருவதைப் பார்த்தாள்.

"கெட்டியா புட்ச்சிக்கடா" என்றேன். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

கடலோர ரோட்டில் கண்டெய்னர் வண்டிகள் வரிசையாக நின்றன. பள்ளங்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றிலும் வண்டி இறங்கும்போது அவன் பிடி இறுகியது, ஏறும்போது தளர்ந்தது. ராயபுரம் வருவதற்குள் அவன் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தான்.

ஆபீஸ் வாசலில் இறங்கிப் பெட்டியை எடுத்தான். சைடு வீல் நட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"போய்ட்டு வரேன்க்கா."

"நானும் போய்ட்டு வரேண்டா. கட தொறக்கிற நேரம் ஆச்சு" என்று சொல்லி வண்டியைத் திருப்பினேன்.