யாராவது என்னைக் கேட்கட்டும், தாயே

போன ஆடி மாதம் முழுக்க நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். மாதத்தில் இருபது நாள் உதிரப்போக்கு. ஓசூர் கம்பெனியில் நின்றுகொண்டே செய்கிற வேலை. லைனை விட்டு எத்தனை தடவை பாத்ரூம் போவது? யாருக்கும் தெரியாமல் ஸ்கேன் எடுத்தேன். கர்ப்பப்பையில் மூன்று நார்க்கட்டிகள். "கர்ப்பப்பையோட எடுத்துடலாம்மா" என்றார் அங்கிருந்த டாக்டர். கல்யாணமாகி மூன்று வருடம், பிள்ளை இல்லை. புற்றுநோயா என்று கேட்கக்கூடப் பயந்து ஓடி வந்துவிட்டேன்.

உத்தனப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். தீட்டோடு எப்படிப் போவது? ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றேன். அம்மனுக்கே என்மேல் கோபமோ என்று நினைத்தேன். "தாயே, நானாகச் சொல்ல வாய் வரவில்லை. யாராவது என்னைக் கேட்கட்டும்" என்று மட்டும் வேண்டினேன்.

அடுத்த வாரம் கம்பெனி கேன்டீனுக்கு ஒரு பெண் டாக்டர் வந்தார். நார்க்கட்டி எதனால் வருகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாராம். பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்.

"மாசத்துக்கு எத்தன நாள் போகுதும்மா?"

"அஞ்சு நாளுங்க."

பாவி, பொய் சொல்லிவிட்டேன்! வேண்டிக்கொண்டவளே நான்தானே? பத்தடி போனேன். திரும்பி வந்து, "இருபது நாளுங்க மேடம். மூணு கட்டி இருக்கு, கர்ப்பப்பையவே எடுக்கணும்னாங்க. நான் என்ன தப்புங்க பண்ணேன்?" என்று அழுதேன்.

"நீ ஒண்ணும் பண்ணல. இது ஏன் வருதுன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது. அதுக்குத்தான் கேக்கறோம். கட்டிய மட்டும் எடுக்க முடியுமான்னு பாக்கலாம், வா."

அன்றைக்கே கணவர் முனிராஜிடம் சொன்னேன். "இத்தன நாளு ஏண்டி சொல்லல?" என்று கேட்டவர் என் கையை விடவே இல்லை.

ஆபரேஷனுக்கு முன்னால், கர்ப்பப்பையைக் காப்பாற்ற முடியாமலும் போகலாம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பேனாவை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். கட்டியை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று இன்னொரு தாள். அதில் மட்டும் உடனே போட்டேன்.

கண் விழித்தபோது முனிராஜ் அழுதுகொண்டிருந்தார். உயிரே போய்விட்டது எனக்கு. "கர்ப்பப்பைய எடுக்கலடி. கட்டிய மட்டுந்தான்" என்றார். பிறகு பரிசோதனை முடிவும் வந்தது. புற்றுநோய் இல்லை.

கட்டி மறுபடி வரலாம் என்கிறார்கள். பயம் முழுவதும் போகவில்லை. பிள்ளை வரம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எதையும் இப்போது மறைப்பதில்லை.

அக்கா தங்கைகளே, தள்ளி நிற்கிறீர்களா? நின்ற இடத்திலிருந்தே தாயைக் கூப்பிடுங்கள். அவள் ஆளை அனுப்புவாள், அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். பெற்றவள் ரத்தத்தைப் பார்த்து முகம் திருப்புவாளா?